மண்டபம் யாரும் இறங்காத ஊரா?



புதிய பாம்பன் பாலம் திறந்த சில நாட்களில் நானும் என் துணைவியாரும் ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போய் வந்து படங்களோடு ஒரு பதிவு போட்டிருந்தேன். நிறையப் பேர் விருப்பம் தெரிவித்திருந்தீர்கள். அதில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "மண்டபத்தில் யார் இறங்குகிறார்கள்? பாலம் வரப்போகிறது என்று எல்லோரும் ஜன்னல் ஓரம் நகரும் இடம் அது." எழுதும்போது எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் கனடாவிலிருந்து ஒரு பழைய மாணவன் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தான். பத்தாம் வகுப்பில் என்னிடம் சமூக அறிவியல் படித்தவன். மண்டபம் முகாமிலிருந்து வந்து படித்த பிள்ளை. நம் ஊர்ப் பிள்ளைகள் 'சார்' என்பார்கள், முகாம் பிள்ளைகள் 'சேர்' என்பார்கள். இத்தனை வருடம் கழித்தும் அவன் அப்படித்தான் எழுதியிருந்தான். "சேர், சுகமா இருக்கிறீங்களா? உங்கட பதிவு பார்த்தன். மண்டபத்தில ஒருத்தரும் இறங்குறேல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். எங்கட அம்மா இறங்கினவ. நான் பிறந்ததே அங்கதான்."

அதோடு அவனுடைய கனடா பாஸ்போர்ட்டின் படத்தையும் அனுப்பியிருந்தான். பிறந்த இடம் என்ற கட்டத்தில் மண்டபம் என்று அச்சாகியிருந்தது.

முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் அப்படி ஒரு வரி எழுதியிருக்கக் கூடாது. அவனுக்கு ஒரு வரியில் பதில் போட்டுவிட்டேன். முழுப் பதிலும் இதுதான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். வகுப்பில் வரைபடத்தைத் தொங்கவிட்டு நான் காட்டியது சிலருக்கு நினைவிருக்கும். ராமநாதபுரத்திலிருந்து கிழக்கே போகப் போக நிலம் ஒடுங்கிக்கொண்டே வரும். வாலாந்தரவை, உச்சிப்புளி, வேதாளை, மரைக்காயர்பட்டினம், அப்புறம் மண்டபம். அங்கே நின்றால் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஒரு கடலில் கால் நனைத்துவிட்டு நடந்துபோய் இன்னொரு கடலில் கால் நனைக்கலாம். வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் நம் பக்கம் சொல்வார்கள். ஆனால் வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் பெண் கடல்தான் சீறும். கச்சான் அடிக்கும்போது தெற்கே கொந்தளிக்கும், வடக்கு அடங்கிவிடும். நாட்டுப்படகுக்காரர்கள் காற்றைப் பார்த்துக் கரை மாறிக்கொள்வார்கள். மண், மணல். தோண்டினால் பவளப்பாறைக் கல். பனை, உடைமரம், இப்போது சீமைக் கருவேலம். விவசாயம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. வைகையே பெரிய கண்மாய்க்குத் தண்ணீர் கொடுத்து மிஞ்சினால்தான் பக்கத்தில் ஆற்றங்கரையில் கடலைப் பார்க்கிறது.

அப்படியானால் அங்கே ஊர் எப்படி வந்தது? கடக்க வேண்டியவர்கள் காத்திருந்ததால் வந்தது.

எதிரே பாம்பன் இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் கடல். காசியிலிருந்து வந்தாலும் காரைக்குடியிலிருந்து வந்தாலும் ராமேஸ்வரத்துக்குப் போகிறவன் இந்த முனையில் நின்று தோணிக்கும் காற்றுக்கும் காத்திருக்க வேண்டும். ஊரின் கிழக்கு முனைக்கு இன்றைக்கும் தோணித்துறை என்றுதான் பெயர். காத்திருந்தவர்கள் தங்கிய மண்டபத்தால்தான் ஊருக்கே பெயர் வந்தது என்பார்கள். சேதுபதிகள் இந்த வழி நெடுகச் சத்திரங்கள் கட்டி வைத்ததும் இதற்காகத்தான். யாத்திரைப் பாதையைக் காப்பது அவர்களுக்குப் புண்ணியமாகவும் இருந்தது, பதவிக்கு ஆதாரமாகவும் இருந்தது. சேது காவலர் என்ற பட்டம் அங்கிருந்து வந்ததுதானே.

காத்திருப்பவன் மடியில் காசு இருக்கும் என்று கண்டுகொண்ட இன்னொரு கூட்டம் போர்ச்சுகீசியர். 16ஆம் நூற்றாண்டில் வேதாளையில் கோட்டை போட்டு உட்கார்ந்தார்கள். 1538இல் அந்தக் கரையில் அவர்களுக்கும் மரைக்காயர் படைக்கும் பெரிய சண்டை நடந்தது. பிறகு யாத்ரீகர் பாதையை மறித்து வரி கேட்டதில் விஜயநகரப் படையோடு மோதல் வந்து, 1549இல் அந்தோனியோ கிரிமினாலி என்ற இத்தாலியப் பாதிரியார் வேதாளையில் கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி என்று உலகம் முழுக்க அந்தச் சபையார் அவரைச் சொல்கிறார்கள். நாம் அந்த ஊரைப் பேருந்தில் கடக்கும்போது டிக்கெட்டைத் தேடிக்கொண்டிருப்போம்.

1902இல் மதுரையிலிருந்து ரயில் மண்டபம் வரை வந்தது. தண்டவாளம் அங்கேயே முடிந்தது. பாலத்தைக் கட்டி 1914 பிப்ரவரி 24இல் திறக்கும்வரை பன்னிரண்டு வருடம் மண்டபம்தான் கடைசி ஸ்டேஷன். அதற்குப் பிறகு சென்னை எழும்பூரில் ஏறி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயில் ஏறிக் கொழும்பில் இறங்கலாம். 'போட் மெயில்' என்று நம் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வது அதுதான். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அதே தண்டவாளத்தில் இன்னொரு கூட்டமும் போனது. அவர்கள் தனுஷ்கோடிக்கு முன்னால் ஒரு ஸ்டேஷனில் இறக்கப்பட்டார்கள். மண்டபத்துக்கு முந்தைய அந்த ஸ்டேஷனின் பெயர் மண்டபம் முகாம்.

எதற்கு முகாம் என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? நான் பல வருடம் அது ராணுவ முகாமாக இருந்திருக்கும் என்றே நினைத்திருந்தேன்.

அது இலங்கைத் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குப் போன கூலி ஜனங்களைத் தடுத்து வைத்த இடம். நம் மண்ணில் இலங்கை அரசு நடத்திய நோய்த்தடுப்பு முகாம். தூத்துக்குடி வழியாகக் கப்பல் போன காலத்தில் இந்த வேலை தட்டப்பாறையில் நடந்தது. பாலம் வந்ததும் இங்கே மாறியது. திருச்சியில் தோட்டத் துரைமார்களின் தொழிலாளர் ஆணையம் அலுவலகம் வைத்திருந்தது. ஊர் ஊராகக் கங்காணிகள் போவார்கள். முன்பணம் கொடுப்பார்கள். வயிற்றுக்கு இல்லாத வருடங்களில் முன்பணம் வாங்காதவன் யார்? சேர்ந்த ஆட்களை ரயிலேற்றி மண்டபம் முகாமில் இறக்கி, சில நாட்கள் அடைத்து வைத்து, துணிகளை வேகவைத்து, குளிக்க வைத்து, அம்மை குத்தி, காலரா, பிளேக் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் கப்பலுக்கு அனுப்புவார்கள். கழுத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லை. போட் மெயிலில் மேல்வகுப்பில் போனவருக்கு இருந்த சலுகை இவர்களுக்குக் கிடையாது.

இங்கே அம்மை குத்தியதைத் தவறென்று நான் சொல்லவில்லை. இதற்கு முந்தைய தலைமுறை தோணியில் மன்னாரில் இறங்கி வன்னிக்காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே போனது. அந்தப் பாதையில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. முகாம் அந்தச் சாவுகளைக் குறைத்தது. எனக்கு உறுத்துவது கங்காணிக் கடன். போய்ச் சேருவதற்குள்ளேயே ஆள் கடனாளி. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டம் போக 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். அவன் கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். புதுத் தோட்டம் கடனைக் கட்டினால்தான் ஆள் கைமாறுவான். 1921இல் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். 1939இல் இந்திய அரசு, உடலுழைப்புத் தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதையே தடுத்துவிட்டது.

உறவினர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வரும். எங்கள் அப்பத்தாவின் தம்பி அந்தத் தடைக்குக் கொஞ்ச வருடம் முன்னால் இதே வழியில் போனவர். ஒரே ஒரு கடிதம் வந்தது என்று அப்பத்தா சொல்லும். 1970களில் ஒரு நாள் மாலை அவர் மகளும் மருமகனும் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு தகரப் பெட்டியோடும் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கூடலூர் சித்தி என்று பிறகு நாம் எல்லோரும் கூப்பிட்டது அவரைத்தான். அப்பத்தா விளக்கைத் தூக்கிப் பிடித்து அந்த முகத்தில் தம்பியைத் தேடியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சித்தி தன் அப்பா சொன்னதாக ஒன்று சொன்னார்: "மண்டபத்துல ரெண்டு வேளையும் சோறு போட்டாங்களாம். வீட்டுல கூட அப்படிச் சாப்பிட்டதில்லையாம். அதனால பயமே வரலையாம்." அப்பத்தா அதைக் கேட்டுத்தான் அழுதது.

சித்தி ஏன் திரும்பி வந்தார் என்பது வரலாறு. 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பதே முக்கால் லட்சம் பேர் என்று கணக்கெடுத்து, ஐந்தேகால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் ஆடுமாடு பிரிப்பதுகூட இவ்வளவு சுலபமாக நடக்காது.

அந்த ஒப்பந்தத்தின் மை காய்வதற்குள், டிசம்பர் 22 இரவு, புயல் வந்தது. தனுஷ்கோடி போனது, பயணிகளோடு ரயிலும் போனது. பாம்பன் பாலம் சிதைந்தது. ஐந்து லட்சம் பேர் வந்து இறங்க வேண்டிய துறைமுகம் இரண்டு மாதத்துக்குள் கடலுக்குள் இருந்தது. பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் தலைமையில் 46 நாட்களில் சரிசெய்தார்கள். பின்னாளில் கொங்கன் ரயிலும் டெல்லி மெட்ரோவும் போட்டவர் அவரே. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' கப்பலில் வந்தவர்களை மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தாத்தாவும் பாட்டியும் அம்மை குத்திக்கொண்டு கிளம்பிய அதே இடத்துக்குப் பேரன் பேத்திகள் 'குடும்ப அட்டை'யைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து வேலை ஒதுக்கிய ஊர்களுக்கு அனுப்பினார்கள். இவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்துக்கு, அதாவது டேன்டீக்கு, நீலகிரிப் பக்கம் பல குடும்பங்கள் போயின. சித்தி வீடு கூடலூர் போனது அப்படித்தான்.

1983 ஜூலைக்குப் பிறகு மூன்றாவது கூட்டம் வந்தது. இந்தமுறை ஒப்பந்தமும் இல்லை, அட்டையும் இல்லை. 1984இல் கப்பலும் நின்றுவிட்டது. இரவில் படகில் வந்து ராமேஸ்வரம் கரையிலும் மணல் திட்டுகளிலும் இறங்கியவர்களை மறுபடியும் மண்டபம் முகாம்தான் வாங்கிக்கொண்டது. பதிந்து, விசாரித்து, மற்ற மாவட்ட முகாம்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வகுப்பில் ஒரு வரிசை அந்தப் பிள்ளைகள். ஊர் எது என்று கேட்டால் வல்வெட்டித்துறை, பேசாலை, முல்லைத்தீவு என்பார்கள். சில வருடம் கழித்து வந்தவர்கள் அந்தக் கேள்விக்குத் தயங்கினார்கள். அவர்கள் இங்கேயே பிறந்தவர்கள்.

அவர்களுக்கு நான் குடியுரிமைப் பாடம் நடத்தினேன். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்த யாரும் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2003 திருத்தத்தில் அதுவும் இறுகியது. பாடப்புத்தகத்தில் 'குடிமக்களின் கடமைகள்' என்று பட்டியல் இருக்கும். அதை வாசிக்கச் சொல்லி ஒரு தடவை இந்தக் கனடாப் பையனையே எழுப்பினேன். 1991இல் மண்டபத்தில் பிறந்தவன். ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டு உட்கார்ந்தான். மாலையில் ஊர்ப் பிள்ளைகள் விளையாடப் போகும்போது அவன் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்க முகாமுக்கு ஓடுவான். பாடம் நடத்தியவனுக்கு அன்று எதுவும் உறைக்கவில்லை.

2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று தமிழ்நாடு அரசு மாற்றியது. 2022 மார்ச்சில் இலங்கையில் பால்மாவும் அரிசியும் வாங்க முடியாமல் குடும்பங்கள் படகேறியபோது அவர்களையும் இங்கேதான் கொண்டுவந்தார்கள்.

நிற்க. மண்டபம் என்றால் முகாம் மட்டும்தானா என்று ஊர்க்காரர்கள் கோபிக்கக் கூடாது. இரண்டு கடல் ஒரே இடத்தில் கிடைக்கிறது என்பதை அறிஞர்களும் கண்டுகொண்டார்கள். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949இல் மண்டபம் முகாமுக்கு வந்தது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை இந்தியக் கடல்மீன் ஆராய்ச்சிக்கே தலைநகரம் நம் மண்டபம்தான். மண்டல மையம் இன்றும் இருக்கிறது. 2010இல் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கடல் விராலைக் குஞ்சு பொரிக்க வைத்தது இங்கேதான். ஆவுளியாவின் பாடம் செய்த உடலை நான் பிள்ளைகளுக்குக் காட்டக் கூட்டிப்போனதும் இங்கேதான். பயந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டவர் இன்று காவல்துறையில் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன்.

ஊருக்குச் சோறு போடுவது மீன். விசைப்படகு, நாட்டுப்படகு, கருவாடு, ஐஸ் கம்பெனி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கடைவீதியே தூங்கும். 1974, 1976 ஒப்பந்தங்கள் கடலில் கோடு போட்ட பிறகு பிடிபடுகிற படகுகளின் கதை உங்களுக்குத் தெரியும். இங்கே கோடு தாண்டிப் போய் அங்கே சிறையில் இருக்கும் மீனவனின் வீடும், அங்கிருந்து கோடு தாண்டி வந்து இங்கே முகாமில் இருப்பவரின் வீடும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கும்.

இன்னொன்று கடற்பாசி. இந்தக் கரையின் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் எடுப்பார்கள். நாம் தின்னும் ஜெல்லிக்கும் ஐஸ்கிரீமுக்கும் பின்னால் அவர்கள் கை இருக்கிறது. 1986இல் 21 தீவுகளையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்த பிறகு, பரம்பரையாகப் போன தீவுகளுக்கே அவர்கள் ஒளிந்து போக வேண்டியதாயிற்று. பிறகு மூங்கில் மிதவையில் வளர்க்கும் வெளிநாட்டுப் பாசி வந்தது. பெப்சி கம்பெனி ஒப்பந்தம் போட்டு வளர்த்ததால் 'பெப்சி பாசி' என்றே பெயர். அதில் காசு பார்த்த குடும்பங்களும் உண்டு. அது குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் படர்ந்துவிட்டது என்று விஞ்ஞானிகள் கவலைப்பட்டதும் உண்டு. பவளமும் பிழைக்க வேண்டும், பாசி எடுப்பவளும் பிழைக்க வேண்டும். இதில் நான் பாசி எடுப்பவள் பக்கம் கொஞ்சம் சாய்வேன்.

1988 அக்டோபர் 2இல் சாலைப்பாலம் திறந்ததும் தோணித்துறைக்கு வேலை இல்லாமல் போனது. பேருந்தும் காரும் நிற்காமல் பறந்தன. ஆனால் 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினார்களே, நினைவிருக்கிறதா? ராமேஸ்வரம் வண்டிகள் சில ராமநாதபுரத்தோடும் சில மண்டபத்தோடும் நின்றன. இரண்டு வருடத்துக்கு மேல் மண்டபம் மறுபடி கடைசி ஸ்டேஷன் ஆனது. வடநாட்டு யாத்ரீகர்கள் மூட்டையோடு இறங்கி ஆட்டோவுக்கும் பேருந்துக்கும் காத்து நின்றார்கள், டீக்கடைகள் நிறைந்தன. 2025 ஏப்ரல் 6இல் புதுப்பாலம் திறந்தது. 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே 17 மீட்டர் மேலே போகிறது. அந்தப் படத்தைத்தான் நானும் போட்டேன். டீக்கடைக்காரரின் படத்தைப் போடவில்லை.

அமெரிக்காவில் நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு என்று ஒன்று இருக்கிறது. கப்பலில் வந்தவர்களை மருத்துவச் சோதனை செய்து உள்ளே விட்ட இடம். 1990இல் அதை அருங்காட்சியகம் ஆக்கினார்கள். பேரப்பிள்ளைகள் போய்த் தாத்தா பெயரைத் தேடுகிறார்கள். மண்டபம் முகாமில் லட்சக்கணக்கானவர்கள் போகவும் வரவும் செய்திருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு கல்லைக்கூட அங்கே நான் பார்த்ததில்லை. கல் வைப்பது என் கையில் இல்லை. தாள் சேர்ப்பது முடியும். உங்கள் வீட்டுப் பரணில் துண்டுச் சீட்டு, தகரவில்லை, குடும்ப அட்டை, முகாமில் கொடுத்த பதிவு எது இருந்தாலும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியில் போட மாட்டேன். கூடலூர் சித்தி வீட்டு அட்டை யாரிடம் இருக்கிறது என்று தம்பிமார்கள் விசாரித்துச் சொல்லவும்.

அந்தப் பையன் டிசம்பரில் மனைவி பிள்ளைகளோடு வருகிறான். எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று கேட்டிருந்தான். "மண்டபம் முகாமில் எல்லா வண்டியும் நிற்காது, நீ மண்டபத்திலேயே இறங்கு, நான் நடைமேடையில் நிற்கிறேன்" என்று எழுதியிருக்கிறேன்.